டிரைவுக்கு முன்னால் 400-க்கு 400 டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு?

கேள்வி இதுதான்: 37 கிலோவாட் மோட்டார், அதை வேண்டிய வேகத்தில் ஓட்ட ஒரு டிரைவ் (மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி). சப்ளை 400 வோல்ட், டிரைவ் கேட்பதும் 400 வோல்ட். இருந்தும் இயந்திரம் தந்தவர்கள் நடுவில் 63 கே.வி.ஏ. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வோல்டேஜ் மாறாதபோது அது எதற்கு? டிரைவே ஏ.சி.யை டி.சி.யாக்கி, மறுபடி ஏ.சி.யாக்கித்தானே மோட்டாருக்குத் தருகிறது, அதுவே ஒரு பிரிப்பு ஆகாதா?

கடைசிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆகாது. ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடு என்பது ஒருவழிக் கதவு, சுவர் அல்ல. மின்னோட்டம் போகிற ஒவ்வொரு கணமும் உள்ளே இரண்டு டயோடுகள் திறந்திருக்கும். அந்தக் கணத்தில் டி.சி. பஸ்ஸின், அதாவது டிரைவுக்குள் டி.சி. ஓடும் கம்பி ஜோடியின், இரு முனைகளும் வெளியே இருக்கும் இரண்டு ஃபேஸ்களோடு நேராகப் பிணைந்திருக்கும். நியூட்ரல் எர்த் செய்யப்பட்ட 400 வோல்ட் சப்ளையில் பஸ்ஸின் பிளஸ் முனை எர்த்தை விடச் சராசரியாக 270 வோல்ட் மேலே நிற்கும், மைனஸ் முனை அதே அளவு கீழே. எர்த்தோடு தொடர்பே இல்லாத சர்க்யூட்டாக இருந்தால் இப்படி ஒரு நிலையான அளவு வரவே வராது. பின்னால் இருக்கும் ஐ.ஜி.பி.டி.க்கள் (வேகமான மின்னணு சுவிட்சுகள்) மோட்டாரின் வைண்டிங்கை அதே பஸ்ஸோடு மாற்றி மாற்றி இணைக்கின்றன. ஆக, சப்ளை டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் முதல் உங்கள் மோட்டாரின் வைண்டிங் வரை எல்லாம் ஒரே சர்க்யூட். இடையில் கம்பித் தொடர்பே இல்லாமல் காந்தப்புலம் வழியாக மட்டும் சக்தி கடக்கும் இடம் வேண்டுமென்றால் அதற்கு டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும்.

சரி, பிரித்து என்ன லாபம்? 'ஐசொலேஷன்' என்ற பெயரைக் கேட்டதும் ஷாக் அடிக்காமல் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது நோக்கமே இல்லை. பெரும்பாலும் இதன் செகண்டரியை (டிரைவ் பக்கத்து வைண்டிங்கை) மறுபடி எர்த் செய்துவிடுவோம், அப்புறம் தொட்டால் ஷாக் அடிக்கத்தான் செய்யும். நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம் வேறு: டிரைவுக்கென்று தனியாக ஒரு குட்டி சப்ளை அமைக்கிறோம். அந்த சப்ளையின் நியூட்ரல் எங்கே எர்த் ஆக வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம். மற்ற நன்மைகளில் பாதி இதிலிருந்து வருகிறது, மீதிப் பாதி டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸிலிருந்து, அதாவது மின்னோட்டத்துக்கு அது தரும் தடையிலிருந்து.

எர்த்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் டிரைவ்கள் அதிகம் செத்துப்போவதைப் பார்த்தது இங்கேதான். டிரைவின் வாசலில் இரண்டு வகைப் பொருள்கள் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கும். ஒன்று, மின்னல் போன்ற திடீர் உயர்வுகளை விழுங்கும் வேரிஸ்டர்கள். மற்றொன்று, ரேடியோ இரைச்சலை எர்த்துக்குத் திருப்பும் சிறு கெப்பாசிட்டர்கள். பல டிரைவ்களில் இரண்டையும் தேர்ந்தெடுக்கும்போது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்தான் நிற்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நியூட்ரல் நேராக எர்த் ஆன சப்ளையில் அந்தக் கணக்கு சரி. ஆனால் எல்லா ஆலைகளிலும் சப்ளை அப்படி இருப்பதில்லை. சில இடங்களில் நியூட்ரலை எங்குமே எர்த் செய்யாமல் மிதக்க விட்டிருப்பார்கள். சில இடங்களில் ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸ் வழியாக எர்த் செய்திருப்பார்கள். இன்னும் சில பழைய அமைப்புகளில் டெல்டாவின் (முக்கோணமாக இணைத்த வைண்டிங்கின்) ஒரு மூலையையே எர்த் செய்திருப்பார்கள். அங்கே மற்ற இரண்டு ஃபேஸ்களும் எர்த்துக்கு எதிரே எப்போதும் முழு 400 வோல்ட்டில் நிற்கும்.

மிதக்கும் சப்ளையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பம்ப் மோட்டாருக்குள் ஈரம் இறங்கி ஒரு ஃபேஸ் பாடியைத் தொட்டுவிட்டது. பம்ப் நிற்கவில்லை. முதல் எர்த் ஃபால்ட்டில் எதுவும் டிரிப் ஆகாமல் உற்பத்தி தொடர வேண்டும் என்பதற்காகத்தானே அந்த மாதிரி சப்ளையை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணம் முதல் மற்ற இரண்டு ஃபேஸ்களும் எர்த்துக்கு எதிரே 230-இலிருந்து 400-க்கு ஏறிவிட்டன. ஃபால்ட் விட்டு விட்டுப் பொறி பறந்தால் அதற்கும் மேலே போகும். பம்ப்புக்குச் சம்பந்தமே இல்லாமல், கட்டடத்தின் மறுகோடியில் இருந்த ஒரு டிரைவ் டப்பென்று வெடித்தது. மூடியைக் கழற்றினால் எர்த்தோடு கட்டிய மூன்று நீல வேரிஸ்டர் வட்டுகளில் இரண்டு இருந்த இடத்தில் புகைக்கறையும் இரண்டு கம்பிக்கால்களும்தான் மிச்சம். மூன்றாவது புதுசு போலவே இருந்தது. எந்த ஃபேஸ் எர்த் ஆகியிருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை; பிழைத்த வட்டு எந்த ஃபேஸில் இருந்ததோ அதுதான். எர்த் ஆன ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜே இல்லையே, அது ஏன் வெடிக்கப் போகிறது!

டிரைவ் கையேடுகளில் இதற்கு ஒரு மாற்று வழி இருக்கும்: மிதக்கும் சப்ளையில் போடுவதானால், வேரிஸ்டரையும் ஃபில்ட்டரையும் எர்த்தோடு இணைக்கும் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றிவிடு என்பார்கள். கழற்றினால் டிரைவ் பிழைக்கும். ஆனால் இரைச்சல் வடிகட்டியும் போயிற்று, எர்த்துக்கான திடீர் உயர்வுப் பாதுகாப்பும் போயிற்று. அதற்குப் பதிலாக டெல்டா பிரைமரி (சப்ளை பக்கத்து வைண்டிங்), ஸ்டார் செகண்டரி (மூன்று வைண்டிங்குகளும் ஒரு முனையில் சேர்வது) கொண்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மரை டிரைவுக்குப் பக்கத்தில் வைத்து அந்த ஸ்டார் முனையை எர்த் செய்துவிட்டால், வெளியே சப்ளை மிதந்தாலும் மூலையில் எர்த் ஆகியிருந்தாலும் டிரைவுக்குத் தெரிவது எப்போதும் சமச்சீரான 230 வோல்ட்தான்.

அடுத்தது இரைச்சல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரண மூன்று ஃபேஸ் சப்ளையில் மூன்று வோல்டேஜ்களையும் கூட்டினால் எந்தக் கணத்திலும் பூஜ்யம். டிரைவின் வெளியீட்டில் அப்படி இல்லை. ஆறு சுவிட்சுகளுக்கு மொத்தம் எட்டு நிலைகள். அதில் ஒன்றில் மூன்று கம்பிகளும் பிளஸ் பஸ்ஸில் இருக்கும், இன்னொன்றில் மூன்றும் மைனஸ் பஸ்ஸில். அதாவது மோட்டாரின் மூன்று ஃபேஸ்களும் சேர்ந்து எர்த்துக்கு எதிரே சில நூறு வோல்ட் மேலும் கீழும் குதிக்கின்றன, நொடிக்குச் சில ஆயிரம் முறை. ஒவ்வொரு குதியும் ஒரு மைக்ரோ செகண்டுக்குள் முடிந்துவிடும். மோட்டார் கேபிளுக்கும் எர்த்துக்கும், வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் சிறு கெப்பாசிட்டன்ஸ், இவ்வளவு வேகமான குதிக்குக் கிட்டத்தட்ட திறந்த வழி. ஒவ்வொரு முறையும் ஒரு மின்னோட்டத் துடிப்பு எர்த்துக்குள் இறங்குகிறது.

இறங்கியது எங்கே போகும்? எர்த் என்பது எல்லாவற்றையும் விழுங்கும் பள்ளம் இல்லை. புறப்பட்ட இடமான டி.சி. பஸ்ஸுக்கே திரும்பியாக வேண்டும். டிரைவுக்குள் இருக்கும் எர்த் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் திரும்பும். மீதி எர்த் கம்பிகளில் நடந்து, சப்ளை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் செய்த நியூட்ரல் வரை போய், அங்கிருந்து ஃபேஸ் கம்பிகளில் ஏறி, டயோடுகள் வழியாக வீடு திரும்பும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் இருநூறு மீட்டர் தள்ளி இருந்தால் வழியெல்லாம் எர்த்தில் கட்டியிருக்கும் எதையும் அது தொட்டுக்கொண்டே போகும்: சென்சார் கேபிளின் ஷீல்டு, எடை பார்க்கும் லோடு செல், கம்யூனிகேஷன் கேபிள். டிரைவ் ஓடினால் மட்டும் எடைக் காட்டியில் கடைசி இலக்கம் ஆடுகிறது என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. டிரைவுக்குப் பக்கத்திலேயே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, அதன் நியூட்ரல் அங்கேயே எர்த் ஆகியிருந்தால், துடிப்புக்கு வீடு பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. சில மீட்டருக்குள் சுற்றி முடிந்துவிடும், ஊர்வலம் போகாது. இதனால் டிரான்ஸ்ஃபார்மர் எங்கே வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். டிரைவ் பேனலிலிருந்து தூரத்தில் மெயின் ஸ்விட்ச் அறைக்குள் வைத்தால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஷீல்டு உள்ள மோட்டார் கேபிளைப் போட்டு, ஷீல்டை இரு முனையிலும் சுற்று முழுக்கப் பிடிக்கும் கிளாம்பால் கட்டியிருந்தால், துடிப்பில் பெரும்பகுதி அந்த ஷீல்டு வழியாகவே திரும்பிவிடும். கேபிளைச் சரியாகக் கட்டாமல் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி இரைச்சலை ஒழிக்க நினைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டு வைண்டிங்குகளுக்கும் நடுவே எர்த் செய்த மெல்லிய செம்புத் தகடு வைத்து வருகிற டிரான்ஸ்ஃபார்மர்களும் உண்டு. வைண்டிங்குகளுக்கு இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாக எர்த்துக்கு எதிரான இரைச்சல் தாவிக் கடப்பதை அது தடுக்கும். தகட்டின் இரு ஓரங்களும் ஒன்றை ஒன்று தொடாமல் நடுவில் இன்சுலேஷன் வைத்திருப்பார்கள். தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி எரிந்துவிடும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே வருகிற உயர்வை இந்தத் தகடு தடுக்காது. அதைக் கடத்துவதுதான் டிரான்ஸ்ஃபார்மரின் வேலையே.

இனி இம்பீடன்ஸ். டிரைவின் டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் பெரிய கெப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. லைன் வோல்டேஜ் உச்சத்துக்கு வந்து பஸ்ஸைத் தாண்டும்போதுதான் மின்னோட்டம் உள்ளே பாயும். அதனால் ஸ்கோப்பில் பார்த்தால் சைன் அலை இருக்காது. ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் ஒட்டகத்தின் இரட்டைத் திமில் மாதிரி இரண்டு கூம்புகள், நடுவில் பள்ளம். அந்தக் கூம்புகளுக்குள்தான் 5-ஆவது, 7-ஆவது, 11-ஆவது, 13-ஆவது ஹார்மோனிக்ஸ் (சப்ளை அதிர்வெண்ணின் அத்தனை மடங்கு வேகத்தில் ஆடும் கூடுதல் அலைகள்) ஒளிந்திருக்கின்றன. வலுவான சப்ளையில், சோக் (மின்னோட்டத்தின் வேகமான மாற்றத்தை மட்டுப்படுத்தும் சுருள்) எதுவும் இல்லாத டிரைவின் மின்னோட்டச் சிதைவு 80 சதவீதத்தையும் தாண்டலாம். வழியில் 4 அல்லது 5 சதவீத இம்பீடன்ஸ் வந்தால் கூம்புகள் தாழ்ந்து அகலமாகி, சிதைவு 35–40 சதவீதத்துக்கு இறங்கும். சப்ளையில் எங்கோ பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் பேங்க் சேரும்போது எழும் வோல்டேஜ் அலையும் இதே இம்பீடன்ஸில் மட்டுப்படும். 400 வோல்ட் ரக டிரைவ்கள் பஸ் சுமார் 800 வோல்ட்டைத் தொட்டால் டிரிப் ஆகிவிடும் என்பதால், தினமும் ஒரே நேரத்தில் காரணமின்றி டிரிப் ஆகும் டிரைவுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கெப்பாசிட்டர் பேங்க்தான் இருக்கும்.

ஷார்ட் சர்க்யூட்டுக்கும் இது கடிவாளம். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை மின்னோட்டம் 400 வோல்ட்டில் 91 ஆம்பியர். 5 சதவீத இம்பீடன்ஸ் என்றால் அதன் பின்னால் எவ்வளவு மோசமாக ஷார்ட் ஆனாலும் சுமார் 1,800 ஆம்பியருக்கு மேல் வராது. முன்னால் இருக்கும் சப்ளையால் இருபது முப்பது கிலோஆம்பியர் தர முடியும் என்று வைத்துக்கொண்டால், டிரைவின் டயோடுகளுக்கும் ஃப்யூஸுக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும்.

ஆனால் இந்த இம்பீடன்ஸ் லாபம் மட்டும்தான் வேண்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. சப்ளை கம்பிகளில் தொடராகக் கட்டும் சுருளான லைன் ரியாக்டர் ஒன்று அதைச் செய்துவிடும், எடையிலும் விலையிலும் இடத்திலும் மிகக் குறைவு. பல டிரைவ்களுக்குள் டி.சி. சோக்கும் ஏற்கெனவே இருக்கும்.

அப்படியானால் 'டிரைவ் என்றால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்' என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? தைரிஸ்டர் (எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லித் திறக்கக்கூடிய டயோடு மாதிரி) வைத்த டி.சி. டிரைவ்களின் காலத்திலிருந்து. அங்கே இதற்கான காரணங்கள் இன்னும் அழுத்தமானவை. ஒரு தைரிஸ்டரிலிருந்து அடுத்ததற்கு மின்னோட்டம் கைமாறும் சிறு இடைவெளியில் இரண்டுமே கடத்தும். அதாவது இரண்டு ஃபேஸ்கள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி நிற்கும். லைன் வோல்டேஜின் அலையை ஸ்கோப்பில் பார்த்தால் கரையானரித்த மாதிரி சுழற்சிக்குச் சில வெட்டுகள் தெரியும். பக்கத்தில் வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடப்பதை எண்ணி வேலை செய்யும் கருவி ஏதாவது இருந்தால் இந்த வெட்டுகளையும் பூஜ்யக் கடப்பு என்று எண்ணிக் குழம்பும். இடையில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வெட்டின் ஆழத்தில் பெரும்பகுதி அதன் இம்பீடன்ஸின் மேல் விழுந்து, வெளியே உள்ள மற்றவர்களுக்குச் சிறு கீறலாகத்தான் தெரியும். ஐ.இ.இ.இ. 519 என்ற ஹார்மோனிக்ஸ் தர விதி இந்த வெட்டின் ஆழத்துக்கே எல்லை போட்டது: பொதுவான சப்ளையில் 20 சதவீதம், மருத்துவமனை போன்ற இடங்களில் 10, அந்த டிரைவுக்கே ஒதுக்கிய சப்ளையில் 50.

டி.சி. மோட்டாருக்கு இன்னொரு சாபமும் உண்டு. பிரஷ் தேய்ந்து கார்பன் தூள் உள்ளே படியும், ஒருநாள் ஆர்மெச்சர் எர்த் ஆகும். எர்த் ஆன சப்ளையோடு நேராகக் கட்டியிருந்தால் தைரிஸ்டர்களும் சேர்ந்து போகும். செகண்டரியை மிதக்க விட்ட டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் முதல் ஃபால்ட்டில் மின்னோட்டம் பாய வழியே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியும், வசதியான நேரத்தில் நிறுத்தித் துடைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பட்டியலில் இருக்கும் 63 என்ற எண்ணும் அந்தக் காலத்து வாசனையாக இருக்கலாம். அமெரிக்க வழக்கில் டிரைவ் டிரான்ஸ்ஃபார்மர்கள் 27, 34, 51, 63, 118 கே.வி.ஏ. என்று மோட்டாரின் எச்.பி.க்குப் பொருத்தி வரும், 50 எச்.பி.க்கு 63, 100 எச்.பி.க்கு 118. மோட்டாரை விட ஏன் இவ்வளவு பெரிது? தைரிஸ்டர் டிரைவில் லைனிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் வேகத்தைப் பொறுத்ததல்ல, டார்க்கை (சுழற்றும் விசையை) பொறுத்தது. மோட்டார் ஊர்ந்தாலும் முழு டார்க் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மரில் முழு மின்னோட்டம் ஓடும், பவர் ஃபேக்டர் மட்டும் தரைதட்டும். டயோடு பிரிட்ஜ் உள்ள இன்றைய ஏ.சி. டிரைவ் அப்படி இல்லை, வேகம் குறைந்தால் உள்ளே வரும் மின்னோட்டமும் குறையும். ஆனாலும் ஹார்மோனிக்ஸ் வைண்டிங்கில் கூடுதல் சூடு கிளப்பும் என்பதால் அதற்கென்று வடிவமைத்ததைத்தான் வாங்க வேண்டும். சாதாரண டிஸ்ட்ரிபியூஷன் டிரான்ஸ்ஃபார்மரை விளிம்பு வரை ஏற்றிக் கட்டினால் சீக்கிரம் கருகும்.

டெல்டா-ஸ்டார் இணைப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. அது 30 டிகிரி கோண மாற்றம் தருகிறது. ஏறத்தாழ ஒரே சுமையுள்ள இரண்டு டிரைவ்களில் ஒன்றை அந்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும், மற்றொன்றை வெறும் ரியாக்டர் வழியாகவும் கட்டினால், இரண்டின் 5-ஆவது, 7-ஆவது ஹார்மோனிக்ஸும் சப்ளைப் பக்கத்தில் எதிரெதிராக வந்து பெரும்பாலும் அழிந்துவிடும். இதையே ஒரே டிரைவுக்குள் இரண்டு செகண்டரி, இரண்டு பிரிட்ஜ் என்று செய்தால் 12-பல்ஸ் டிரைவ்.

உயர் வோல்டேஜ் டிரைவ்களில் கதை தலைகீழ். சிறு இன்வெர்ட்டர் செல்களைத் தொடராக அடுக்கி ஆயிரக்கணக்கான வோல்ட்டை எட்டும் வகையில், ஒவ்வொரு செல்லும் எர்த்துக்கு எதிரே வெவ்வேறு உயரத்தில் நிற்கும். ஃபேஸுக்கு 5 செல் என்றால் தனித்தனியாக 15 செகண்டரி வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த அடுக்கே சாத்தியமில்லை. அங்கே செகண்டரியை எர்த் செய்ய மாட்டார்கள், வேண்டுமென்றே மிதக்க விடுவார்கள். டிரைவ் உண்டாக்கும், மூன்று ஃபேஸ்களும் சேர்ந்து குதிக்கும் அந்தக் குதிப்பு மோட்டாரின் இன்சுலேஷன் மேல் விழாமல் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் மேல் விழும்.

இது செய்யாத வேலைகளும் உண்டு. நீளமான கேபிளில் அலை மோதித் திரும்பி மோட்டார் முனையில் வோல்டேஜ் இரட்டிப்பாவதும், ஷாஃப்ட் வழியாக மின்னோட்டம் ஓடி பேரிங் அரிபடுவதும் டிரைவின் வெளியீட்டுப் பக்கத்து நோய்கள். அவற்றுக்கு வெளியீட்டு ஃபில்ட்டர், இன்சுலேஷன் செய்த பேரிங், ஷாஃப்ட்டை எர்த் செய்யும் பிரஷ் என்று வேறு மருந்து. உள்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அவற்றைக் குணப்படுத்தியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் இடத்துக்கு வருவோம். எலெக்ட்ரீஷியனை அழைத்து, அந்த பேனலுக்கு வரும் மூன்று ஃபேஸ்களையும் தனித்தனியாக எர்த்துக்கு எதிரே அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் நிலையாக 230-ஐ ஒட்டி இருந்தால் சப்ளையின் நியூட்ரல் எங்கோ எர்த் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மிதக்கும் சப்ளையும் சில வேளை இப்படிச் சமமாகக் காட்டி ஏமாற்றும் என்பதால், மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் இணைப்பைக் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். அது உறுதியாகி, அருகில் நுணுக்கமான அளவுக் கருவிகளும் இல்லையென்றால், 3 அல்லது 5 சதவீத ரியாக்டரும் ஷீல்டு கேபிளும் போதும் என்று தயங்காமல் சொல்வேன். இயந்திரம் தந்தவர்களிடம் காரணம் மட்டும் கேட்டுவிடுங்கள்; சப்ளைக்கே சக்தியைத் திருப்பியனுப்பும் டிரைவாக இருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அளவு நிலையில்லாமல் அலைந்தாலோ, 0, 400, 400 என்று வந்தாலோ, டிரான்ஸ்ஃபார்மரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம்.

வைப்பதானால் இரண்டு இடங்களில் கவனம். செகண்டரியின் ஸ்டார் முனையை எர்த் செய்ய மறந்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. 'ஐசொலேஷன் என்றால் எர்த் செய்யக் கூடாதே' என்று ஒருவர் என்னிடம் வாதாடியே இருக்கிறார். இன்னொன்று, பிரைமரிக்கு முன்னால் இருக்கும் எர்த் லீக்கேஜ் ரிலேக்குச் செகண்டரியில் நடக்கும் எர்த் ஃபால்ட் கண்ணுக்கே தெரியாது, பிரைமரியில் அது ஃபேஸுக்கு ஃபேஸ் சுமையாகத்தான் தெரியும். ஆகவே செகண்டரிக்கென்று தனிப் பாதுகாப்பு வேண்டும். பிரைமரி பிரேக்கரோ, ஆன் செய்த கணத்தில் முழுச்சுமையைப் போல் பத்து மடங்கு வரை எழும் காந்தமாக்கும் மின்னோட்டத்தைச் சில சுழற்சிகள் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாளே அது விழுந்துவிடும், பழி டிரைவின் மேல் போகும்.